முதலாம் வருடத்தை ஏன் கணக்கில் சேர்க்கிறாங்கள்? பட்ட வகுப்பு, ஜிபிஏ பற்றி ஒரு கேள்வி

#1 உப்புவெளிப்பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில கோணேசபுரி கம்பஸில் மூன்றாம் வருடம் தொடங்கப் போறன். நாலு வருட ஹானர்ஸ். முதலாம் வருட ஜிபிஏ 2.70, இரண்டாம் வருடம் 3.20. முதலாம் வருடம் ஏன் அப்படிப் போனது என்று இங்க இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஏ.எல். வரைக்கும் முழுக்கத் தமிழில் படிச்சிட்டு வந்து, முதல் நாளிலிருந்தே இங்கிலீசில் லெக்சர், இங்கிலீசில் அசைன்மென்ட். லெக்சரர் சொல்லுறதை எழுதுறதா விளங்கிக்கொள்ளுறதா என்பதிலேயே முதல் செமஸ்டர் முடிஞ்சுது.

பெரியம்மாட மகன் லண்டனில் படிக்கிறார். முதலாம் வருடம் 45க்கும் 50க்கும் நடுவில எடுத்துப்போட்டு, "ஃபர்ஸ்ட் இயர் கணக்கில்லை, பாஸ் பண்ணினால் காணும்" என்று சிரிச்சவர். இப்ப டூ-வன், அதாவது அங்கத்த செகண்ட் அப்பர், வரும் என்கிறார். நான் முதல் செமஸ்டரில் எடுத்த சீ பிளஸ் மட்டும் ஏன் நாலு வருடமும் பின்னால வருது? செகண்ட் அப்பருக்கு (இரண்டாம் வகுப்பு மேல்பிரிவுக்கு) இனி வழி இருக்கா? வகுப்பை எப்படித்தான் தீர்மானிக்கிறாங்கள்? சீனியர்மாரைக் கேட்டால் ஆளுக்கொரு கதை.

#2 உவர்மலையான்

நீட்டி எழுதுற ஆக்கள் வரமுதல் சுருக்கமாச் சொல்லுறன். ஃபர்ஸ்ட் கிளாஸ் 3.70, செகண்ட் அப்பர் 3.30, செகண்ட் லோவர் 3.00. அதுக்குக் கீழ 2.00 வரைக்கும் சும்மா பாஸ். இரண்டு வருடத்தையும் சேர்த்தால் நீங்க 2.95இல நிற்கிறீங்கள். லோவரைப் பிடியுங்கோ, அப்பரை மறந்திடுங்கோ.

#3 உப்புவெளிப்பிள்ளை

நன்றி அண்ணா. விடியக் காலமையே வயித்தில பால் வார்த்திட்டீங்கள்.

#4 கணக்கு ரீச்சர்

மறக்கச் சொல்ல முதல் கணக்கைப் போட்டுப் பார்ப்பம்.

ஜிபிஏ ஒரு சராசரிதான், ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரே பாரம் இல்லை. கிரேட்டுக்குரிய புள்ளியை அந்தப் பாடத்தின் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாத்தையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்கிறது. ஏ பிளஸுக்கும் ஏக்கும் 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0, பி மைனஸ் 2.7, சீ பிளஸ் 2.3, சீ 2.0. அதுக்குக் கீழ சீ மைனஸ் 1.7, டி பிளஸ் 1.3, டி 1.0. ஈ என்றால் பூச்சியம்.

நாலு வருட ஹானர்ஸுக்கு 120 கிரெடிட். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் அது 6ஆம் மட்டம். மூன்று வருடப் பட்டம் 90 கிரெடிட்டோட 5ஆம் மட்டம். உங்களுக்கு வருடத்துக்கு 30 என்று வைப்பம்.

செகண்ட் அப்பருக்கு 120 × 3.30 = 396 புள்ளி வேணும். கையில இருக்கிறது முதலாம் வருடம் 81, இரண்டாம் வருடம் 96, ஆக 177. மிச்சம் 219ஐ வரப்போற 60 கிரெடிட்டில் எடுக்கவேணும். 219ஐ 60ஆல் வகுத்தால் 3.65.

3.65 என்றால் கிட்டத்தட்ட எல்லாப் பாடத்திலும் ஏ மைனஸ், இடைக்கிடை ஒரு பி பிளஸ். லேசில்லை. ஆனால் உவர்மலையான் சொல்லுற மாதிரி தலை முழுகிவிட வேண்டிய இலக்கமும் இல்லை. செகண்ட் லோவருக்கு 183 புள்ளி, அதாவது 3.05, போன வருடம் படிச்ச மாதிரிப் படிச்சாலே வரும். ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு 267 வேணும். 60 கிரெடிட்டில் எடுக்கக்கூடிய உச்சமே 240. அது இல்லை.

இப்ப உங்கட கேள்விக்கு வாறன். முதலாம் வருடத்தை விட்டிட்டுப் பார்த்தால் 90 × 3.30 = 297. கையில 96. மிச்சம் 201, 60ஆல் வகுத்தால் 3.35. ஆகவே முதலாம் வருடம் உங்கட தலையில ஏத்தின பாரம் ஒவ்வொரு பாடத்துக்கும் 0.30. பி பிளஸுக்கும் ஏ மைனஸுக்கும் இடையில உள்ள தூரத்தை விடக் கொஞ்சம் குறைவு. கோபப்படுறதில நியாயம் இருக்கு, அளவு தெரிஞ்சு கோபப்படுங்கோ.

#5 மூதூர்க்காற்று

ரீச்சர், அப்ப ரிப்பீட் அடிச்சு முதலாம் வருட கிரேட்டுகளை ஏத்தலாம்தானே? எங்கட பட்சில அரைவாசிப் பேர் அதைத்தான் யோசிக்கிறாங்க.

#6 கணக்கு ரீச்சர்

ரிப்பீட்டில் எவ்வளவு நல்லா எழுதினாலும் உச்சம் சீ, 2.0. இது எங்கட பல்கலைக்கழகங்களில் பரவலா உள்ள விதி. 3 கிரெடிட் பாடம் ஒன்றில டியைச் சீ ஆக்கினால் 3 புள்ளி கூடும். 120ஆல் வகுத்தால் 0.025. சீ மைனஸைச் சீ ஆக்கினால் 0.9 புள்ளி, ஜிபிஏ ஏறுறது 0.0075. சீ பிளஸ் எடுத்தவருக்கு அந்தக் கதையே இல்லை. இதுக்காக அந்தச் செமஸ்டரில் ஓடுற மற்றப் பாடங்களைக் கோட்டை விடப்போறீங்களோ?

நாலாம் வருட ஆய்வு 6 கிரெடிட் என்றால் அதில பி எடுக்கிறவருக்கும் ஏ எடுக்கிறவருக்கும் 6 புள்ளி வித்தியாசம். இரண்டு டியை ரிப்பீட் பண்ணிச் சேர்க்கிறது அவ்வளவும்தான். ஆய்வை யாரோட செய்யிறது, என்ன தலைப்பில செய்யிறது என்று மூன்றாம் வருடக் கடைசியிலேயே ஓடித் திரியிற பிள்ளைகள் சும்மா ஓடேல்லை.

பட்டம் கிடைக்கிறதுக்கே குறுக்கால நிற்கிற கிரேட் என்றால் அது வேற. அதை எழுதித்தான் ஆகவேணும்.

#7 ஹரோ திருமலையான்

தங்கச்சி, உங்கட அண்ணா சொன்னது பாதிக்கதை. நான் இங்க லண்டனில ஒரு பல்கலைக்கழகத்தில பரீட்சைப் பிரிவில வேலை. வருடா வருடம் ஜூன் மாதம் இந்தக் கணக்கோடதான் குடித்தனம்.

பிரிட்டனில் 70 தொட்டால் ஃபர்ஸ்ட், 60 தொட்டால் டூ-வன், 50க்கு டூ-டூ, 40க்கு தேர்ட். இந்த எல்லைகள் பொதுவா எல்லா இடமும் ஒன்று. அந்த 60ஐ எப்படிக் கூட்டி எடுக்கிறது என்பது மட்டும் இடத்துக்கு இடம் வேற. மூன்று வருடப் பட்டத்தில முதலாம் வருடத்தை விட்டிட்டு, இரண்டாம் வருடமும் கடைசி வருடமும் சரிபாதி என்கிற இடமும் இருக்கு. காலுக்கு முக்கால் என்கிற இடமும் இருக்கு. 40க்கு 60உம் இருக்கு. ஒன்றுக்கு இரண்டும் இருக்கு.

இரண்டாம் வருடம் 52, கடைசி வருடம் 64 எடுத்த ஒரு பிள்ளையை எடுங்கோ. சரிபாதி என்றால் 58, டூ-டூ. 40க்கு 60 என்றால் 59.2, எல்லையில தொங்குது. ஒன்றுக்கு இரண்டு என்றால் கச்சிதமா 60. காலுக்கு முக்கால் என்றால் 61. பிள்ளை ஒன்று, எழுதின பேப்பர் ஒன்று, றோட்டுக்கு இந்தப் பக்கம் டூ-டூ, அந்தப் பக்கம் டூ-வன்.

தொங்கிற பிள்ளைக்கும் தனி விதி இருக்கு. எல்லைக்கு ஒன்று இரண்டு புள்ளிக்குள்ள நிற்கிறவருக்குக் கடைசி வருடக் கிரெடிட்டில் பாதிக்கு மேல மேல்வகுப்புப் புள்ளி இருந்தால் தூக்கிவிடுற இடங்கள் கனக்க. ஆகக் குறைஞ்ச புள்ளி வந்த பாடத்தைக் கழிச்சுப்போட்டுக் கூட்டுற இடங்களும் இருக்கு. 2020இல் கொரோனா வந்த நேரம் "உங்கட சராசரி லொக்டவுனுக்கு முதல் இருந்ததுக்குக் கீழ இறங்க விடமாட்டம்" என்று பல பல்கலைக்கழகங்கள் எழுதியே குடுத்தது. இங்கிலாந்தில் 2010–11இல் ஃபர்ஸ்ட் எடுத்தவர்களின் வீதத்தோட ஒப்பிட்டால் 2020–21இல் அது இரண்டு மடங்குக்கும் மேல போயிட்டுது. பிள்ளைகள் கெட்டிக்காரர் ஆகினதா, கணக்கு இளகினதா என்று பேப்பர்களில இன்னும் அடிபாடு.

#8 உப்புவெளிப்பிள்ளை

அப்ப அண்ணாட டூ-வன், அவர் எந்த யூனிவர்சிட்டி என்கிறதைப் பொறுத்ததோ?

#9 ஹரோ திருமலையான்

கொஞ்சம் அப்படித்தான். வேலைக்கு எடுக்கிறவர் சான்றிதழில டூ-வன் என்றுதான் பார்ப்பார், எந்தக் கணக்கில வந்தது என்று கேட்கமாட்டார். இன்னொன்று, முதலாம் வருடம் வகுப்புக்குத்தான் கணக்கில்லை. ட்ரான்ஸ்கிரிப்டில அந்த 45 நிற்கும். மாஸ்டர்ஸுக்கோ, இரண்டாம் வருடத்தில இன்டர்ன்ஷிப்புக்கோ விண்ணப்பிக்கிற நேரம் அது கண்ணில படும். அண்ணாவிடம் சொல்லிவையுங்கோ, நான் சொன்னது என்று சொல்லாமல்.

#10 பேராதனை மாஸ்டர்

பிள்ளைகள் எழுதுறதை வாசிக்க எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வருது. இந்த முதலாம் வருடத்தைச் சேர்க்காத முறை வெள்ளைக்காரன்ர ஊரில மட்டும் இருந்ததில்லை. நான் 1968இல் பேராதனைக்குப் போகேக்க கலைப்பீடத்தில முதலாம் வருட முடிவில ஜீ.ஏ.கியூ. என்று ஒரு பரீட்சை. அதில நல்லாச் செய்தால் ஸ்பெஷல், இல்லாட்டி ஜெனரல். அதோட அதன் வேலை முடிஞ்சுது. வகுப்பைத் தீர்மானிச்சது கடைசிப் பரீட்சைப் பேப்பர்கள்தான்.

கேட்க நல்லாத்தான் இருக்கும். அந்தக் கடைசிப் பரீட்சை எப்படி என்றால், வருடக்கணக்காப் படிச்சது எல்லாத்தையும் சில கிழமைக்குள்ள கொட்டவேணும். அசைன்மென்ட் இல்லை, மிட் எக்ஸாம் இல்லை. என்னோட அறையில இருந்தவர் எங்கட பிரிவிலேயே திறமான ஆள். பரீட்சைக்கு முதல் கிழமை வயித்தோட்டம். எழும்பி நிற்க ஏலாமல் போய் எழுதினார். ஃபர்ஸ்ட் எடுப்பார் என்று புரொபெசரே நினைச்ச ஆளுக்கு லோவர். அவருக்கு உங்கட செமஸ்டர் முறையைக் குடுத்திருந்தால் கண்ணில ஒத்திக்கொண்டிருப்பார்.

ஆனால் ஒன்று, எங்களுக்குத் தடுமாற ஒரு வருடம் தந்தாங்கள். உங்களுக்கு அதில்லை.

#11 கிண்ணியா நானா

இவ்வளவு கணக்கும் பாக்குறீங்களே, வேலைக்குப் போனா இத யாரு கேக்குறா? நான் அபிவிருத்தி உத்தியோகத்தர். நேர்முகத்துக்குப் போன நேரம் சான்றிதழயும் பட்டம் வலுவுக்கு வந்த திகதியயும்தான் பாத்தாங்க. எனக்கு லோவர், பக்கத்து மேசக்காரருக்கு சும்மா பாஸ், அங்கால இருக்கிற புள்ளைக்கு அப்பர். மூணு பேருக்கும் ஒரே சம்பளம், ஒரே லீவு, ஒரே பஸ்.

திகதிதான் முக்கியம். ரெண்டு பாடத்த ரிப்பீட் அடிக்கப் போய் பட்டம் ஒரு வருசம் பிந்தினா, அந்த வருசம் வாற ஆட்சேர்ப்பு போயிரும். அடுத்தது எப்ப வரும் எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

#12 கடைசிவாங்கு

நானா சொல்லுறது அரசாங்கக் கந்தோருக்குச் சரி. எல்லாத்துக்கும் சரியில்லை. நான் ஒரு பல்கலைக்கழகத்தில படிப்பிக்கிறன், எது என்று கேட்காதீங்கோ.

தகுதிகாண் விரிவுரையாளராக வரவேணும் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 721ஆம் இலக்கச் சுற்றறிக்கைப்படி ஹானர்ஸில ஃபர்ஸ்ட் அல்லது செகண்ட் அப்பர் வேணும். 3.29 வைச்சிருக்கிறவரும் 2.10 வைச்சிருக்கிறவரும் அந்த வரிசையில நிற்க ஏலாது. வெளிநாட்டுப் புலமைப்பரிசில், நல்ல இடத்தில மாஸ்டர்ஸ், இதுக்கெல்லாம் வகுப்புத்தான் முதல் சல்லடை. ஆகவே "யாரும் கேட்கமாட்டாங்க" என்று பிள்ளைகளிட்டச் சொல்லாதீங்கோ நானா.

இனி, இங்க ஒருத்தரும் தொடாத ஒரு விஷயம். ஜிபிஏ முறையில் மார்க்ஸ் படிப்படியா ஏறுது, சரிவா ஏறுறதில்லை. பொதுவா வழக்கத்தில உள்ள அட்டவணைப்படி 85க்கு மேல ஏ பிளஸ், 70இலிருந்து 84 வரை ஏ, 65இலிருந்து 69 வரை ஏ மைனஸ், 60இலிருந்து 64 வரை பி பிளஸ். 70 எடுத்தவருக்கும் 4.0, 95 எடுத்தவருக்கும் 4.0. ஆனால் 69 எடுத்தவருக்கு 3.7. ஒரு பிள்ளை நாலு பாடத்திலும் 70 எடுத்தால் ஜிபிஏ 4.00. இன்னொரு பிள்ளை இரண்டில 90, இரண்டில 69 எடுத்தால் சராசரி 79.5, ஜிபிஏ 3.85. பத்துப் புள்ளிக்குக் கிட்டக் கூட எடுத்த பிள்ளை கீழ நிற்குது.

இதை மறுபக்கமாத் திருப்பினால், எல்லாப் பாடத்திலும் 65 எடுத்தவருக்கு 3.70, ஃபர்ஸ்ட் கிளாஸ். ஹரோவில இருக்கிறவர் சொன்ன கணக்கில அதே 65க்கு டூ-வன்தான். இந்த ஓட்டையை அடைக்கத்தான் சில பீடங்களில மேலதிக நிபந்தனை வைச்சிருக்கிறாங்கள்: 3.70 மட்டும் காணாது, பாதிக் கிரெடிட்டில ஏயோ அதுக்கு மேலயோ இருக்கவேணும், குறிப்பிட்ட கிரேட்டுக்குக் கீழ ஒன்றும் இருக்கக்கூடாது, இப்படி. ஜிபிஏயை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்து கடைசியில இந்த நிபந்தனையில விழுந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறன்.

முதலாம் வருடத்தை ஏன் சேர்க்கிறது என்ற கேள்விக்கு என்ர பதில்: சேர்க்காட்டி ஒருத்தரும் வரமாட்டினம். கடுமையாத் தெரியும், ஆனால் நான் படிப்பிக்கிற ஜிபிஏ இல்லாத பாடத்துக்கு வாற ஆக்களின்ர தொகையைப் பார்த்துத்தான் சொல்லுறன். அதோட ஹானர்ஸுக்குத் தெரிவு செய்யிறது பல இடங்களில முதல் இரண்டு வருடப் பெறுபேற்றை வைச்சு.

#13 மூதூர்க்காற்று

மிஸ், கோவிக்காதீங்க. ஒருத்தரும் வரமாட்டாங்க என்றது எங்கட ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது.

நான் சம்பூர். 2006இல் எங்கட ஊரே எழும்பி ஓடினது. நான் படிக்கத் தொடங்கினது கிளிவெட்டி முகாமில. ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் இங்கிலீசுக்கு ரீச்சர் வருவா, ஒரு வருடத்தில மாற்றம் எடுத்துப் போவா. ஏ.எல். எடுத்த நேரம் அரசாங்கமே ஒத்துக்கொள்ளுது, திருகோணமலை பின்தங்கிய மாவட்டம், கொழும்புப் பிள்ளையோட ஒரே வெட்டுப்புள்ளியில நிறுத்த ஏலாது என்று. மாவட்டத்துக்குக் கோட்டா, பின்தங்கிய 16 மாவட்டத்துக்கு மேல 5 வீதம். நல்லது. கம்பஸ் கேற்றைத் தாண்டின அடுத்த கிழமை அதெல்லாம் மறந்து போச்சா? முதல் செமஸ்டரில எல்லாருக்கும் ஒரே இங்கிலீஷ், ஒரே பேப்பர், ஒரே பாரம். அந்த மார்க்ஸ் கடைசி வருடத்து மார்க்ஸ் மாதிரியே வகுப்பைத் தீர்மானிக்குது.

முதலாம் வருடத்தை முழுசாத் தூக்கச் சொல்லேல்லை. அரைப் பாரம் வையுங்க. ஹரோ அண்ணன் சொன்ன மாதிரிக் கடைசி வருடத்துக்குக் கூடப் பாரம். படிச்சு முடிச்சு வெளிய வாற நேரம் எனக்கு என்ன தெரியும் என்கிறதைத்தானே பட்டம் சொல்லவேணும்?

#14 கடைசிவாங்கு

கோவம் இல்லை தம்பி. கோட்டாவையும் இதையும் சேர்த்து வைச்சு நான் யோசிச்சதில்லை, நல்ல வாதம். ஆனால் அரைப் பாரத்திலும் ஒரு சிக்கல் இருக்கு. கடைசி வருடத்தில ஆய்வும் பயிற்சியும்தான் கூட. அதுக்கு யார் மேற்பார்வை, எந்த நிறுவனத்தில இடம் கிடைச்சுது என்கிறதில ஊர்ப் பிள்ளைக்கு இன்னும் மோசமா விழலாம். கொழும்பில மாமா இருக்கிற பிள்ளைக்கு நல்ல கம்பனியில பயிற்சி கிடைக்கும். முதலாம் வருடப் பேப்பராவது மாமாவைப் பார்க்காது.

மாற்றம் வேணுமென்றால் பீடச் சபையில தொடங்கி மூதவைக்குப் போகவேணும். அப்படியே மாறினாலும் புதுசா வாற பட்சுக்குத்தான். நீங்க எந்த வருடம் பதிஞ்சீங்களோ அந்த வருட விதிதான் உங்களுக்கு. இரண்டு பட்ச் மேல உள்ள அண்ணாட கைநூலை வைச்சுக் கணக்குப் பார்க்கிற பழக்கத்தை முதல்ல விடுங்கோ.

#15 உவர்மலையான்

மாமா இல்லாத நாங்க எல்லாம் எங்க போறது?

#16 ராமேஸ்வரம் ரிட்டர்ன்

நான் தமிழ்நாட்டில இன்ஜினியரிங் முடிச்சிட்டு ஊருக்குத் திரும்பின ஆள். அங்க அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் கீழ உள்ள கல்லூரியில பத்துப் புள்ளி முறை. சீஜிபிஏ 8.50க்கு மேல இருந்தா டிஸ்டிங்ஷன். ஆனா எல்லாப் பாடமும் முதல் தடவையிலயே பாஸாகி இருக்கணும். ஒரே ஒரு அரியர் வச்சாலும் டிஸ்டிங்ஷன் கிடையாது, 9 எடுத்திருந்தாலும் வெறும் ஃபர்ஸ்ட் கிளாஸ்தான். என் கூட்டாளிக்கு முதல் செமஸ்டர் கணக்குப் பேப்பரில அரியர். மிச்ச செமஸ்டர் எல்லாம் கல்லூரியிலயே முதல் ஆள். கிடைக்கல. ரீச்சர் சொன்ன சீ உச்சவரம்பு எவ்வளவோ தேவலாம்.

இங்க வந்த பிறகு மானியங்கள் ஆணைக்குழுவிட்ட என் பட்டத்துக்கு அங்கீகாரக் கடிதம் எடுத்தன். பட்டம் செல்லும் என்று வந்தது. நேர்முகத்துக்குப் போனா, "அங்கத்த ஃபர்ஸ்ட் கிளாஸ் இங்க அப்பரா லோவரா?" என்று கேக்குறாங்க. அந்தக் கேள்விக்கு என்னட்ட இன்னும் பதில் இல்ல.

#17 கணக்கு ரீச்சர்

ஒரு விஷயம் விட்டுப்போச்சு, மெடிக்கல். டெங்கு வந்தோ விபத்திலோ பரீட்சைக்குப் போக ஏலாட்டி, விதியில சொன்ன நாளுக்குள்ள வைத்தியச் சான்றிதழைக் குடுத்து அது ஏற்கப்பட்டால், அடுத்த முறை எழுதுறது முதல் தடவையாத்தான் எடுபடும், சீ உச்சவரம்பு இல்லை. குடுக்காமல் வீட்டில படுத்திருந்தால் அது ஒரு தடவையாக் கணக்கு, பிறகு ரிப்பீட்தான். காய்ச்சலோட போய் அரைகுறையா எழுதிப்போட்டு வாறது ஆகலும் மோசம், எழுதின பேப்பருக்கு மெடிக்கல் எடுபடாது. பேராதனை மாஸ்டர்ர கூட்டாளியை நினைச்சுத்தான் இதை எழுதுறன்.

இன்னொன்று. வகுப்போட பட்டம் கிடைக்க, குறிச்ச காலத்துக்குள்ள படிப்பை முடிச்சிருக்கவேணும் என்று விதி இருக்கும். ரிப்பீட்டை இழுத்துக்கொண்டு போனால் 3.40 இருந்தாலும் வகுப்பில்லாத பட்டம். கிண்ணியா நானா திகதி திகதி என்றது வேற காரணத்துக்கு, ஆனால் இங்கயும் திகதிதான்.

#18 பேராதனை மாஸ்டர்

ரீச்சர், எங்கட காலத்தில மெடிக்கல் குடுக்கிறது ஒரு மானப் பிரச்சினை மாதிரி. அவர் குடுக்க விரும்பேல்லை.

#19 உப்புவெளிப்பிள்ளை

எல்லாருக்கும் நன்றி. இந்த இழையில இவ்வளவு வரும் என்று நினைக்கேல்லை. மூதூர்க்காற்று எழுதினதை எங்கட வாட்ஸப் குரூப்பில போட்டன், பாதிப் பேர் கைதட்டல், பாதிப் பேர் சண்டை.

நேற்று எங்கட பட்ச் கைநூலைத் தேடி எடுத்து முதல் தடவையா முழுக்க வாசிச்சன். முதலாம் வருடத்தில நாங்க படிச்ச இங்கிலீஷ் 4 கிரெடிட்டும் ஜிபிஏயில சேராது. பாஸ் பண்ணவேணும், அவ்வளவுதான். என்ர 2.70 அதை விட்டிட்டு வந்ததுதான். அப்படியென்றால் முதலாம் வருடத்துக்கு 30 இல்லை, 26. கணக்கு மாறுமோ ரீச்சர்?

#20 கணக்கு ரீச்சர்

மாறும், உங்கட பக்கமா. ஜிபிஏக்கு எடுபடுற மொத்தக் கிரெடிட் 116. அதுக்கு 3.30 என்றால் 382.8 புள்ளி. முதலாம் வருடம் 26 × 2.70 = 70.2, இரண்டாம் வருடம் 96, ஆக 166.2. மிச்சம் 216.6, அதை 60ஆல் வகுத்தால் 3.61. முதலாம் வருடத்தின்ர பாரம் கொஞ்சம் இறங்குது.

ஆனால் இதில ஒன்றைப் பாருங்கோ. நாலாம் வருடப் பயிற்சி 6 கிரெடிட் என்றால், அதுக்கு கிரேட் தருவினமோ, பாஸ் அல்லது ஃபெயில் மட்டுமோ? கிரேட் இல்லையென்றால் அந்த 6உம் கழியும். மொத்தம் 110, வேண்டிய புள்ளி 363, மிச்சம் 196.8ஐ 54 கிரெடிட்டில எடுக்கவேணும். அப்ப 3.64 சொச்சம். கைநூலில அது எங்க இருக்கு?

#21 உப்புவெளிப்பிள்ளை

பயிற்சி என்று மட்டும் போட்டிருக்கு, கிரேட் பற்றி ஒரு வரியும் இல்லை. சீனியர் ஒராள் கிரேட் இருக்கு என்கிறா, இன்னொராள் இல்லை என்கிறா. திங்கட்கிழமை உதவிப் பதிவாளர் கந்தோரில கேட்டுட்டு வந்து இங்க போடுறன்.

#22 உவர்மலையான்

வாயால கேட்காதீங்கோ. எழுத்தில கேட்டு எழுத்தில வாங்குங்கோ. 3.61க்கும் 3.64க்கும் இடையில நிற்கிற ஆளுக்கு அதுதான் நல்லம். மறக்கச் சொன்னதை நான் இன்னும் வாபஸ் வாங்கேல்லை, ஆனால் வந்தால் இங்க எழுதுங்கோ.